மும்முனை மின்சாரம்: நான்கு கம்பிகளின் கணக்கு

விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் என்பது தமிழ்நாட்டில் கோடைதோறும் திரும்பி வரும் கேள்வி. 2021 ஏப்ரல் 1 முதல் 24 மணி நேரமும் தரப்படும் என்று அரசு அறிவித்தபோது அது தலைப்புச் செய்தியானது. இதே சொல் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது. இரண்டாவது ஏசி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் "த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் குடுத்துடுங்க" என்கிறார். எதிர் வீட்டில் விளக்கு எரிய, நம் வீடு மட்டும் இருண்டு கிடந்தால் "ஒரு ஃபேஸ் போயிடுச்சு" என்கிறார்கள்.

மும்முனை (த்ரீ ஃபேஸ்) என்றால் மூன்று மடங்கு வேகமான கரண்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மும்முனை இணைப்புள்ள வீட்டிலும் மிக்ஸிக்குப் போவது அதே 230 வோல்ட்தான். வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது: மூன்று கம்பிகளில் வரும் மின்சாரம் ஒன்றுக்கொன்று நேரம் தள்ளி வருவதில் ஒன்று, அவை திரும்பிப் போகும் நான்காவது கம்பியான நியூட்ரலில் மற்றொன்று. மோட்டார் எரிவது, டிவி வெடிப்பது, தெருவில் பாதி வீடுகள் மங்குவது எல்லாவற்றுக்கும் காரணத்தை இந்த இரண்டு இடங்களில் தேடலாம்.

ஒரு முனையில் என்ன நடக்கிறது

நமக்கு வருவது மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை ஏறி, இறங்கி, திசை மாறி, மறுபடியும் பழைய இடத்துக்கு வருகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லிநொடி. ஒவ்வொரு சுற்றிலும் வோல்டேஜ் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஆகவே ஒருமுனை இணைப்பில் கிடைக்கும் திறன் நொடிக்கு 100 முறை எழுந்து விழுகிறது. கீசருக்கோ குண்டு பல்புக்கோ இது பொருட்டே இல்லை. மோட்டாருக்குப் பொருட்டு.

மும்முனையில் இதே மாதிரி மூன்று அலைகள் உண்டு. முதல் அலை கிளம்பி நொடியில் 150-ல் ஒரு பங்கு கழித்து இரண்டாவது கிளம்பும். அதே இடைவெளி விட்டு மூன்றாவது. நம் ஊரில் இவற்றுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறப் பெயர். ஆர், ஒய், பி என்று எழுதுவார்கள். நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை.

மூன்றிலும் சமமான சுமை இருந்தால் எந்த நொடியிலும் மூன்று கரண்டுகளின் கூட்டுத்தொகை பூஜ்யம். சிவப்பு உச்சத்தில் 10 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும் கணத்தில் மஞ்சளிலும் நீலத்திலும் 5, 5 ஆம்பியர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும். போனது பத்து, வந்தது பத்து. நியூட்ரலுக்கு வேலையே இல்லை. ஒருமுனையிலோ ஃபேஸில் போன அத்தனை ஆம்பியரும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும்.

230 எங்கே, 415 எங்கே

தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் 11 அல்லது 22 கிலோவோல்ட் மூன்று கம்பிகளில் நுழைகிறது. அங்கே நியூட்ரல் கிடையாது. வெளியே வரும் பக்கம் மூன்று காயில்களின் (கம்பிச் சுருள்களின்) ஒரு பக்க நுனிகளை ஒன்றாகக் கட்டி, அந்த முடிச்சை மண்ணில் எர்த் செய்திருப்பார்கள். அந்த முடிச்சிலிருந்து கிளம்புவதுதான் நியூட்ரல்.

எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 முதல் 240 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 460 இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை என்பதால் இரு மடங்காகாமல் 1.732 மடங்கோடு நிற்கிறது. 230-க்கு 400, 240-க்கு 415. பேச்சில் எல்லாரும் சொல்வது 415தான். டிரான்ஸ்ஃபார்மர் பெயர்ப்பலகையில் 433 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது சுமை இல்லாத நிலையில் உள்ள அளவு. வழியில் கம்பி தின்னப்போகும் வோல்டேஜையும் சேர்த்து முன்கூட்டியே கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

கம்பியில் மிச்சம்

ஒருமுனையில் இரண்டு கம்பி, 17.4 ஆம்பியர், 230 வோல்ட்: 4 கிலோவாட். அதே தடிமனில் இன்னும் இரண்டு கம்பியைச் சேர்த்து மும்முனையாக்கினால் ஒவ்வொரு ஃபேஸிலும் அதே 17.4 ஆம்பியரில் 12 கிலோவாட் கிடைக்கும். கம்பி இரண்டு மடங்கு, திறன் மூன்று மடங்கு.

வோல்டேஜ் இழப்பிலும் லாபம் உண்டு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு 60 மீட்டர் தூரம், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு மின்தடை ஏறத்தாழ 0.28 ஓம். ஒருமுனையில் போகவும் வரவும் இழப்பு, 17.4 ஆம்பியரில் ஏறக்குறைய 9.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். சமமான சுமையுள்ள மும்முனையில் நியூட்ரலில் கரண்ட் ஓடாததால் இழப்பு பாதி, 4.8 வோல்ட். கடைக்கோடி வீட்டுக்காரர் மும்முனைக்கு மாறிய பிறகு "வோல்டேஜ் ஏறிடுச்சு" என்று சொல்வதன் காரணம் இதுதான். வோல்டேஜ் எங்கிருந்தும் ஏறவில்லை, விழுவது குறைந்திருக்கிறது.

மோட்டார்தான் முதல் காரணம்

சீலிங் ஃபேனில் கண்டன்சர் போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஃபேன் உறுமும், சுற்றாது. குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் தள்ளிய பக்கம் மெல்லச் சுற்றத் தொடங்கும். ஒற்றை அலை உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுழலாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குச் சொல்ல, கண்டன்சர் மூலம் இரண்டாவது அலை ஒன்றைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

மும்முனையில் அந்த வேலையே இல்லை. வட்டமாக அமைத்த மூன்று காயில்களில் நேரம் தள்ளி மூன்று அலைகள் பாயும்போது காந்தப்புலம் தானாகச் சுழல்கிறது. நான்கு துருவ மோட்டாரில் நிமிடத்துக்கு 1,500 சுற்று. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு 1,440 அளவில் ஓடும். திறன் எழுந்து விழாமல் ஒரே சீராகக் கிடைப்பதால் அதிர்வும் குறைவு. 1891-ல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃப்ராங்க்ஃபுர்ட் கண்காட்சிக்கு மும்முனை மின்சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு தொழிற்சாலைகளுக்கு எந்த முறை என்ற வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பைக்காராவிலிருந்து 1932-ல் மின்சாரம் கிடைக்கத் தொடங்கியதும் கோயம்புத்தூர் மில்களும் கிணற்று பம்புகளும் பெருகியது அதே வழியில்தான்.

ஆம்பியரில் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. 5 ஹெச்.பி. மோட்டார் 415 வோல்ட் மும்முனையில் ஒரு கம்பிக்கு 7 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். அதையே ஒருமுனையில் ஓட்டினால் 24 ஆம்பியர் வரை போகும். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் கணத்தில் இது ஐந்தாறு மடங்கு. நூறு ஆம்பியரைத் தாண்டும். தெருவே ஒரு நொடி மங்கும். அதனால்தான் ஒருமுனை பம்புகள் பெரும்பாலும் 2, 3 ஹெச்.பி.யோடு நின்றுவிடுகின்றன.

மும்முனையில் எந்த இரண்டு கம்பியை மாற்றிப் போட்டாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கம்பத்தில் வேலை நடந்த மறுநாள் போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் ஏறும். அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. ஸ்டார்ட்டரில் இரண்டு கம்பியை மாற்றினால் சரியாகும். ஆனால் பிசகு நடந்தது கம்பத்தில் என்றால் அங்கேயே சரிசெய்யச் சொல்வது நல்லது. ஆளாளுக்குத் தன் ஸ்டார்ட்டரில் மாற்றிக்கொண்ட பிறகு லைன்மேன் வந்து கம்பத்தைச் சரிசெய்தால் மொத்தத் தோட்டமும் மறுபடி தலைகீழ்.

மூன்றில் ஒன்று போனால் மோட்டார் ஏன் எரிகிறது

நின்றிருக்கும் மும்முனை மோட்டாருக்கு இரண்டு ஃபேஸ் மட்டும் வந்தால் அது கிளம்பாது, உறுமிக்கொண்டே சூடாகும். இதைக் காதே கண்டுபிடித்துவிடும். ஆபத்தானது மற்றொன்று: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போவது. அப்போது மோட்டார் நிற்காது. மிச்சமுள்ள இரண்டு கம்பிகளில் கரண்ட் 1.7 மடங்குக்கு மேல் ஏறும். 7.6 ஆம்பியர் இருந்த இடத்தில் 13. மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் காயில் கட்டுபவருக்கு இது உடனே தெரியும்: மூன்று காயில்களும் ஒரு முடிச்சில் சேரும் ஸ்டார் இணைப்பில் இரண்டு கருகி ஒன்று புதிதாக இருக்கும், முக்கோணமாகச் சேரும் டெல்டாவில் ஒன்று மட்டும் கருகியிருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் குற்றவாளி ஃபேஸ் இல்லை. அதிகச் சுமையோ, குறைந்த வோல்டேஜோ, தண்ணீரில்லாமல் ஓடியதோ காரணமாக இருக்கும்.

ஸ்டார்ட்டர் இருக்கும்போது இது எப்படி நடக்கிறது?

1. ஸ்டார்ட்டரைப் பிடித்து வைத்திருக்கும் காயில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில்தான் இணைந்திருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று போனால் ஸ்டார்ட்டர் விழும். மூன்றாவது போனால் அதற்குத் தெரியவே தெரியாது.

2. அடுத்த காவல், கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே. 8 ஆம்பியர் மோட்டாருக்கு 8-ல் வைத்திருந்தால் 13 ஆம்பியரைக் கண்டு சில நிமிடங்களுக்குள் துண்டிக்கும். "அடிக்கடி விழுது" என்று யாரோ அதை 13, 14-க்குத் திருப்பி வைத்திருந்தால் ரிலே வேடிக்கை பார்க்கும். எரிந்த மோட்டார்களில் பெரும்பங்கு இந்தத் திருகலில் போனவை என்பது என் கணிப்பு.

3. ஸ்டாரில் கிளப்பி டெல்டாவில் ஓட்டும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ரிலே மோட்டார் காயிலின் பாதையில் இருந்தால், பெயர்ப்பலகை ஆம்பியரில் 0.58 பங்குதான் வைக்க வேண்டும். 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7. பலகையில் 15 என்று இருக்கிறதே என்று 15-ல் வைத்தால் பாதுகாப்பு இல்லாததற்குச் சமம்.

4. ஓடும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டர் போல நடந்து, செத்த ஃபேஸிலும் ஓரளவு வோல்டேஜை உண்டாக்கும். அதனால் மூன்று இண்டிகேட்டர் விளக்கும் எரியும், டெஸ்டரும் எரியும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய கருவியான சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரில், வோல்டேஜை மட்டும் பார்க்கும் மலிவான வகை ஏமாறுவது இங்கேதான். ஆம்பியரைப் பார்க்கும் வகை ஏமாறாது.

முழுதாக ஒரு ஃபேஸ் போக வேண்டும் என்றுகூட இல்லை. மூன்று வோல்டேஜும் சமமில்லாமல் இருந்தாலே மோட்டார் சூடாகும். சராசரியிலிருந்து விலகும் சதவீதத்தை வர்க்கமாக்கி இரண்டால் பெருக்கினால் வெப்ப உயர்வு எத்தனை சதவீதம் கூடும் என்று தோராயமாகத் தெரியும். 3.5 சதவீத விலகலுக்கு வெப்பம் சுமார் 25 சதவீதம் கூடுகிறது.

டூ ஃபேஸ் நேரமும் கண்டன்சர் பெட்டியும்

கிராம மின்பாதைகளில் பம்புசெட்டுக்கு முறை வைத்து மும்முனை தருவதும், மற்ற நேரத்தில் வீட்டு விளக்குகள் எரிய மட்டும் ஒன்றோ இரண்டோ முனை தருவதும் நெடுநாள் வழக்கம். காரணம் டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு. 100 கே.வி.ஏ. கொள்ளளவுள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஃபேஸுக்கு 133 ஆம்பியர் தரும். 8 ஆம்பியர் வீதம் 16 மோட்டார். 63 கே.வி.ஏ. என்றால் பத்துதான். அதற்கு மேல் மோட்டார்கள் இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது.

டூ ஃபேஸ் நேரத்திலும் பம்பை ஓட்டத்தான் கண்டன்சர் பெட்டி. உயிருள்ள ஃபேஸிலிருந்து கண்டன்சர் வழியாக நேரம் தள்ளிய ஓர் அலையை உண்டாக்கி, மோட்டாரின் மூன்றாவது முனைக்குக் கொடுப்பார்கள். ஃபேன் கண்டன்சர் செய்யும் அதே வேலை. மோட்டார் ஓடும், ஆனால் முழு வலுவோடு ஓடாது. கிளம்பத் தேவையான கண்டன்சர் அளவு ஓடத் தேவையானதைப் போலச் சில மடங்கு. கிளம்பியதும் ஸ்டார்ட் கண்டன்சர் விலகாவிட்டால் காயில் வெந்துவிடும். விலகினாலும் கிணற்று நீர்மட்டத்தைப் பொறுத்துச் சுமை மாறும்போது பொருத்தமான அளவும் மாறுகிறது. மூன்று கம்பிகளில் வர வேண்டியதை இரண்டு கம்பிகள் சுமப்பதால் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் வோல்டேஜ் சரியும். மின்வாரியம் இதை அனுமதிக்காததற்குக் காரணம் அதுதான்.

மோட்டாரோடு எப்போதும் இருக்க வேண்டிய கண்டன்சர் வேறு. 5 ஹெச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். (கண்டன்சரின் திறனைச் சொல்லும் அலகு) அளவில் மூன்று ஃபேஸுக்கும் குறுக்கே போடுவது. இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கான பவர் ஃபேக்டரை உயர்த்தி கம்பியில் ஓடும் ஆம்பியரைக் குறைக்கும். பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு, நல்லதைக் கழற்றிவிட்டுப் போனவர்களும் உண்டு.

மும்முனை வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்புவது இன்னொரு தொல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் அதைத்தான் செய்கின்றன. 16 மோட்டாரும் சேர்ந்து ஐந்தாறு மடங்கு ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் படுத்துவிடும், எந்த மோட்டாரும் வேகம் பிடிக்காது, கடைசியில் ஃபியூஸ் போகும். எது முதலில் போகிறதோ அந்த ஃபேஸ் இல்லாமல் மற்றவை உறுமிக்கொண்டு நிற்கும். பக்கத்துத் தோட்டத்தாரோடு பேசி டைமரை ஆளுக்கு 20, 30 நொடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

வீட்டுக்கு எப்போது வேண்டும்

தமிழ்நாட்டின் மின்வழங்கல் விதித்தொகுப்பு, மொத்தச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டாத இணைப்புக்கே ஒருமுனை என்று வகுத்தது. ஒரு 1.5 டன் ஏசி முழு ஓட்டத்தில் 1.6 கிலோவாட் அளவில் எடுக்கும். கீசர் 2, இண்டக்‌ஷன் அடுப்பு 2, ஒரு ஹெச்.பி. மோட்டார் 1.1. இரண்டு ஏசியோடு இவையெல்லாம் உள்ள வீட்டில் சில்லறைச் சாமான்களையும் சேர்த்தால் 9 கிலோவாட். ஒருமுனையில் 39 ஆம்பியர்.

மும்முனை வாங்குவதைவிட அதைப் பிரித்துக் கொடுப்பதில்தான் வேலை இருக்கிறது. கிலோவாட்டை மட்டும் மூன்றாகப் பங்கு போடுவது தவறு; மணி பார்த்துப் பங்கு போட வேண்டும். கீசரையும் இண்டக்‌ஷனையும் நீலத்தில் வைத்துவிட்டு, இரண்டு ஏசியையும் சிவப்பில் வைத்தால் காகிதத்தில் சரியாகத் தெரியும். காலை ஆறரைக்கு நீலம் திணறும், இரவு பதினொன்றுக்குச் சிவப்பு திணறும். ஒரு காலைச் சுமை, ஒரு இரவுச் சுமை என்று ஒவ்வொரு ஃபேஸிலும் கோத்தால் இப்படி வரும்:

1. சிவப்பு: படுக்கையறை ஏசி, கீசர்.
2. மஞ்சள்: இன்னொரு ஏசி, இண்டக்‌ஷன்.
3. நீலம்: தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன்.

ஒரே அறையின் சாக்கெட்டுகளை வெவ்வேறு ஃபேஸில் எடுக்காமல் இருப்பது நல்லது. கை எட்டும் தூரத்தில் 415 வோல்ட் இருக்க வேண்டியதில்லை. நியூட்ரல் கம்பியை ஃபேஸைவிட மெலிதாக எடுக்கவே கூடாது. சமமாகப் பிரித்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்ற பாடம் கீசருக்குச் சரி. எல்.இ.டி., கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி போன்றவை அலையைக் கிள்ளி எடுக்கின்றன; அதனால் உண்டாகும் 150 ஹெர்ட்ஸ் கரண்ட் மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் வந்து கூடுமே தவிரக் கழியாது.

மின்கட்டணம் இதனால் குறைவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. மீட்டர் மூன்று முனைகளில் ஓடியதையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கும் அடுக்குக் கட்டணமும் அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான். மின்சாரக் கார் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கலாம்: 7.4 கிலோவாட் வீட்டுச் சார்ஜர் பெரும்பாலும் ஒருமுனைக் கருவி. வீட்டில் மும்முனை இருந்தாலும் அது 32 ஆம்பியரையும் ஒரே ஃபேஸிலிருந்துதான் இழுக்கும். அந்த ஃபேஸில் வேறு பெரிய சுமை இருக்கக் கூடாது.

நியூட்ரல் அறுந்தால்

ஃபேஸ் கம்பி அறுந்தால் இருட்டு. நியூட்ரல் அறுந்தால் நாசம். சிவப்பில் 100 வாட் டிவி, மஞ்சளில் 2,000 வாட் கீசர் ஓடுகின்றன என்போம். டிவியின் மின்தடை சுமார் 529 ஓம், கீசருடையது 26 ஓம். நியூட்ரல் போனதும் இரண்டும் ஒரே கோட்டில் 400 வோல்ட்டுக்கு இடையே மாட்டிக்கொள்கின்றன. ஓடும் கரண்ட் 0.72 ஆம்பியர். டிவியின் மேல் 381 வோல்ட், கீசரின் மேல் 19. அதிகம் எடுக்கும் சாதனம் தப்பிக்கிறது, குறைவாக எடுப்பது வெடிக்கிறது. தெருவில் நியூட்ரல் போன இரவில் செட்-டாப் பாக்ஸும் எல்.இ.டி. பல்புகளும் முதலில் போவது இதனால்.

அந்த நேரத்தில் நியூட்ரலுக்குப் பதில் எர்த் கம்பியை இணைத்துச் சமாளிப்பது உயிருக்கு உலை. வீட்டு எர்த் குழியின் மின்தடை பல ஓம். அதன் வழியே கரண்ட் திரும்பினால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், குழாய் என எர்த் தொட்ட உலோகம் எல்லாம் மின்னேறும்.

செய்ய வேண்டியவை சில. நியூட்ரலில் ஃபியூஸ் போடக் கூடாது. ஜெனரேட்டருக்கு மாற்றும் இடத்தில் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு முனைச் சுவிட்ச் வேண்டும். நியூட்ரல் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும். மீட்டர் பெட்டியில் நியூட்ரல் இணைப்பின் திருகு தளர்ந்து கருகியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்ல வேண்டும்; அலுமினியமும் செம்பும் நேரடியாகச் சேரும் முறுக்குகள்தான் முதலில் போகும். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் கருவியை மெயினுக்கு அடுத்து மாட்டினால் டிவியின் விலையைவிடக் குறைவாக முடியும்.

எந்தக் கம்பி போயிருக்கிறது

நியான் டெஸ்டர் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும். மல்டிமீட்டர் சொல்லும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மெயினில் ஆறு அளவு எடுத்தால் போதும்: ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று.

1. எல்லாம் நலம் என்றால் மூன்றும் 230 சுற்றி, மற்ற மூன்றும் 400 முதல் 415.

2. ஒரு ஃபேஸ் நியூட்ரலோடு பூஜ்யம் அல்லது அர்த்தமில்லாத சிறு எண். மற்ற இரண்டு நலம். அவற்றுக்கு இடையே 415. தெருவில் எல்.டி. (தாழ்வழுத்த) ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது சர்வீஸ் கம்பி விட்டிருக்கிறது.

3. ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்றும் 415. நியூட்ரலோடு மட்டும் 120, 305, 330 என்று சிதறிக் கிடக்கிறது. நியூட்ரல் போயிருக்கிறது. உடனே மெயினை அணைக்க வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான்.

4. ஒரு ஃபேஸ் 230, மற்ற இரண்டும் ஏறத்தாழ 115. ஃபேஸுக்கு ஃபேஸ் பார்த்தால் இரண்டு 345 அளவிலும் ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கத்திலும். டிரான்ஸ்ஃபார்மரின் உயரழுத்தப் பக்கம் ஒரு ஃபியூஸ் போயிருக்கிறது. அந்தப் பக்கக் காயில்கள் முக்கோணமாக இணைந்திருப்பதால், ஒன்றுக்கு முழு வோல்டேஜும் மற்ற இரண்டுக்கும் பாதிப் பாதியும் கிடைக்கிறது.

இரண்டு வீட்டில் ஒன்று மங்கலாக எரிந்தால் நியூட்ரல் என்று பதறுபவர்கள் உண்டு. எந்த வீட்டிலும் பல்பு அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரியவில்லை என்றால் அது பெரும்பாலும் நான்காவது வகை. ஆனாலும் 115 வோல்ட்டில் ஃபிரிட்ஜை விட்டு வைக்கக் கூடாது. கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் கரண்டைக் குடித்துக்கொண்டே வேகும்.

ஃபேஸ் சேஞ்சர்

மும்முனை வீடுகளில் மெயினுக்குப் பக்கத்தில் திருகும் கைப்பிடி ஒன்று இருக்கும். ஒரு ஃபேஸ் போனால் அதன் சுமையை உயிருள்ள ஃபேஸுக்கு மாற்றுவது இதன் வேலை. வசதிதான், ஆனால் மாற்றுவதற்கு முன் அந்தச் சுமையில் உள்ள ஏசியையும் கீசரையும் அணைத்திருக்க வேண்டும். மூன்று ஃபேஸின் விளக்கையும் ஃபேனையும் ஒன்று தாங்கும், மூன்று ஏசியைத் தாங்காது. அப்படி மாற்றிய பிறகு நியூட்ரல் அதுவரை பார்க்காத கரண்டை முழுதாகச் சுமக்கிறது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல். இன்வெர்ட்டர் விளக்குகளின் நியூட்ரலும் மற்ற ஃபேஸ்களின் நியூட்ரலும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டிக்குள் ஒன்றாகக் கலந்திருந்தால் கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்ளும், அல்லது மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழும். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யின் கீழே போகும் ஃபேஸும் அதே ஆர்.சி.சி.பி. வழியே திரும்பும் நியூட்ரலும் தனி ஜோடியாக இருக்க வேண்டும்.

கோடை இரவில் தெருவுக்கே ஒரு ஃபேஸ் போகும்போது நடப்பதைக் கவனித்தால் ஃபேஸ் சேஞ்சரின் எல்லை தெரியும். பத்து நிமிடத்துக்குள் பாதி வீடுகள் கைப்பிடியைத் திருகி, ஏசியோடு சேர்த்து அடுத்த ஃபேஸுக்குத் தாவிவிடும். ஏற்கெனவே முழுச் சுமையில் இருந்த அதன் ஃபியூஸும் உருகும். மூன்றாவதற்கு மொத்தத் தெருவும் தாவும். லைன்மேன் ஒரு ஃபியூஸ் கட்ட வந்த இடத்தில் மூன்று கட்டிவிட்டுப் போவார். அவர் சுவிட்சைத் தூக்கும் நொடியில் எல்லா ஏசியும் திருகிய இடத்திலேயே, ஒரே ஃபேஸில், காத்துக்கொண்டிருக்கும்.